தோட்டாவின் வாயை இறுக்கலாமா, வேண்டாமா?



இந்த ஆண்டு மலருக்குக் காதல் கவிதைகள் தேவைக்கு மேலேயே சேர்ந்துவிட்டதாக மலர்க்குழுவில் சொன்னார்கள். எனவே நான் ஒரு சண்டையைப் பற்றி எழுதுகிறேன். அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும், குறிபார்த்துச் சுடும் போட்டியாளர்களும் தலைமுறை தலைமுறையாகப் போட்டுக்கொண்டு வரும் சண்டை இது. நேர்ச்சுவர்த் தோட்டாவை வீட்டிலேயே கையால் நிரப்பும்போது, கடைசியில் அதன் வாயைக் ‘கிரிம்ப்’ செய்து இறுக்க வேண்டுமா, வேண்டாமா?

“அவனுங்க சண்டை நமக்கு எதுக்குடா?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட், ஸ்பிரிங் பேக், வொர்க் ஹார்டனிங், டாலரன்ஸ்... இரண்டாம் ஆண்டில் நாம் மனப்பாடம் செய்து பரீட்சையில் கொட்டிவிட்டு வந்த அத்தனையும் இந்தச் சுண்டுவிரல் அளவுப் பித்தளைக் குழாய்க்குள் இருக்கிறது. தப்பாகச் செய்தால் போவது மார்க் அல்ல. கன்னத்தோடு ஒட்டி வைத்திருக்கும் இரும்புக்குள் அழுத்தம் எகிறும்.

முதலில் ஒரு விஷயம். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்க முடியாது. ஆகவே இது செய்முறைக் கட்டுரை அல்ல. ஒர்க்ஷாப்பில் யாரும் ‘டிரை’ பண்ண வேண்டாம்!

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள். பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்ட பிறகு குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். கூடு மட்டும் மிஞ்சும். மெட்டீரியல்ஸ் பேப்பரில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் என்று ‘கார்ட்ரிட்ஜ் பிராஸ்’ படித்தோமே, அந்தப் பித்தளைதான் இது. விலை கூடுதலான பாகமும் இதுதான். அதனால் அதை எடுத்து, டையில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டு வந்து, புதுப் பிரைமர், மருந்து, குண்டு வைத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். மேசையில் பொருத்திய ஒரு கைப்பிரஸ், இரண்டு மூன்று டை, ஒரு தராசு, ஒரு வெர்னியர் இருந்தால் போதும். அங்கே இது ஒரு பொழுதுபோக்கு.

என்.சி.சி.யில் .22 ரைபிள் சுட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்தக் குட்டித் தோட்டாவும் நேர்ச்சுவர்தான். அதன் குண்டைத் தொழிற்சாலையிலேயே கிரிம்ப் செய்துதான் அனுப்புகிறார்கள். ஆனால் அதற்குப் பிரைமர் தனியாகக் கிடையாது, விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. எனவே அதைத் திரும்ப நிரப்ப முடியாது. நான் சொல்ல வருவது அதனுடைய பெரியண்ணன்களை.

நேர்ச்சுவர் என்றால் என்ன? .30-06 போன்ற தோட்டாவைப் பார்த்தால் சோடா பாட்டில் மாதிரி இருக்கும். அகன்ற உடம்பு, தோள், பிறகு ஒடுங்கிய கழுத்து. நேர்ச்சுவர்த் தோட்டாவில் தோளும் இல்லை, கழுத்தும் இல்லை. அடியிலிருந்து வாய் வரை ஒரே குழாய். ‘நேர்’ என்பதுகூடப் பேச்சுக்குத்தான். இந்த வகையின் தாத்தாவான .45-70 தோட்டாவை அளந்தால் அடியில் 12.83 மி.மீ., வாயில் 12.19 மி.மீ. லேசான டேப்பர் உண்டு.

இந்தத் தாத்தாவை அமெரிக்க ராணுவம் 1873-இல் எடுத்துக்கொண்டது. பெயரிலேயே கணக்கு இருக்கிறது. 0.45 அங்குலக் குண்டு, 70 கிரெயின் கரும்மருந்து. குண்டின் எடை 405 கிரெயின், அதாவது 26 கிராமுக்குச் சற்று மேல். நூற்றைம்பது வருஷம் தாண்டியும் இன்றைக்கும் மான் வேட்டைக்குப் போகிறது.

கழுத்துள்ள தோட்டாவுக்கு இல்லாத ஒரு வேலை இந்த நேர்ச்சுவர்க்காரருக்கு உண்டு. ஈயக் குண்டை அப்படியே வாயில் வைத்து அழுத்தினால் பித்தளை விளிம்பு அதைச் சீவிவிடும். அதனால் முதலில் வாயை ஒரு பிளக்கால் லேசாக மலர்த்துகிறார்கள், நாதஸ்வரத்தின் அணசு மாதிரி, ஆனால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும். குண்டை வைத்த பிறகு அந்த மலர்ச்சியை மறுபடி நேராக்கியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் தோட்டா ரைபிளின் சேம்பருக்குள் நுழையாது. இதை மட்டும் செய்துவிட்டு “நான் கிரிம்ப் பண்றேன்” என்று சொல்கிறவர்களும் உண்டு. பாதிச் சண்டை இந்த வார்த்தைக் குழப்பத்தால் வருவதுதான் என்பது என் எண்ணம். மலர்ந்ததை நேராக்குவது கிரிம்ப் அல்ல. நேரான பிறகும் உள்நோக்கி அழுத்தினால்தான் கிரிம்ப்.

அதிலும் இரண்டு ஜாதி. ஒன்று ‘ரோல் கிரிம்ப்’. குண்டின் இடுப்பில் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். கூட்டின் விளிம்பை உருட்டி அந்தப் பள்ளத்துக்குள் மடித்துவிடுவது. தகரக்கடையில் டப்பா விளிம்பை மடிப்பார்களே, அந்த மாதிரி. இரண்டாவது ‘டேப்பர் கிரிம்ப்’. மடிப்பு கிடையாது, வாயருகே சுவரை ஒரு சரிவான டைக்குள் தள்ளி நேராகவே நெருக்குவது. கொலட் வைத்து நாலு பக்கமும் பிடித்து நசுக்குகிற டையும் இருக்கிறது. லேத்தில் கொலட் சக் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இனி சண்டைக்கு வருவோம்.

கிரிம்ப் வேண்டும் என்கிறவர்களின் பலமான சாட்சி, டியூப் மேகசின் உள்ள லீவர் ரைபிள். 1886-ஆம் வருட வின்செஸ்டர் அப்படிப்பட்டது. 1972-இல் மறுபடி வந்த மார்லின் 1895-உம் அப்படித்தான். குழலுக்கு அடியில் இன்னொரு குழாய். அதில் தோட்டாக்கள் ரயில் பெட்டி மாதிரி, ஒன்றின் மூக்கு அடுத்ததன் முதுகைத் தொட்டபடி நிற்கும். முன்னாலிருந்து ஒரு ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். சுட்டதும் ரைபிள் பின்னால் உதைக்கிறது. இனெர்ஷியா காரணமாகத் தோட்டா வரிசை அந்த நொடியில் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது, ஸ்பிரிங் சுருங்குகிறது, பிறகு மொத்த வரிசையும் பின்னால் வந்து ‘டக்’ என்று மோதுகிறது. கடைசியில் நிற்கும் தோட்டாவின் குண்டு மூக்கில் முன்னாலிருக்கிற அத்தனை பேரின் பாரமும் விழுகிறது. ஒரு .45-70 தோட்டா சுமார் 40 கிராம். மூன்று பேர் சேர்ந்து இடித்தால் குண்டு கூட்டுக்குள் இறங்கலாம்.

இறங்கினால் என்ன? அந்தக் காலத்துக் கரும்மருந்து கூட்டை நிறைத்துக் கெட்டியாக உட்கார்ந்திருக்கும். குண்டு போக இடமே இல்லை. இன்றைய புகையில்லா மருந்து அதே வேலையைக் குறைந்த அளவிலேயே செய்கிறது. உள்ளே காலி இடம். குண்டு இறங்கினால் மருந்து எரியும் அறை சிறுத்துவிடும், அழுத்தம் ஏறும். .45-70 பெரிய கூடு; அதன் அங்கீகரிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 28,000 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 193 மெகா பாஸ்கல். அங்கே ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலும் ஓரளவு தாங்கும். ஆனால் 2019-இல் வின்செஸ்டர் கொண்டுவந்த .350 லெஜண்ட் சின்னக் கூடு. உச்சம் 55,000 பி.எஸ்.ஐ., சுமார் 379 மெகா பாஸ்கல். சின்ன அறையில் அதே ஒரு மில்லிமீட்டர் மிகப் பெரிய விகிதம். பாயிலும் சார்லஸும் சும்மா சட்டம் எழுதி வைக்கவில்லை!

பெரிய கைத்துப்பாக்கிகளில், அதாவது ரிவால்வர்களில், இதே உதை நேர் எதிராக வேலை செய்வதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே கூடு துப்பாக்கியோடு பின்னால் போகிறது, கனத்த குண்டு நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. எனவே அது வெளியே வந்து சிலிண்டரைச் சுற்றவிடாமல் மாட்டிவிடும். ஒரே நியூட்டன், இரண்டு விதமான தொல்லை.

ஆக, டியூப் மேகசினுக்கும் யானை, எருமை அடிக்கிற .458 வின்செஸ்டர் மேக்னம் போன்ற உதைகாரர்களுக்கும் கிரிம்ப் தேவை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். பள்ளம் உள்ள குண்டு, அதில் ரோல் கிரிம்ப். இதில் வாதமே இல்லை.

எதிர்க்கட்சி யார்? ஒற்றைத் தோட்டா ரைபிள்காரர்கள். ஷார்ப்ஸ் மாதிரிப் பழைய ரைபிளில் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டுச் சுடுபவர்கள். அவர்களுக்கு மேகசினே கிடையாது. இடிக்க யாரும் இல்லை. 1985 முதல் அமெரிக்காவில் கரும்மருந்து ரைபிள்களுக்கென்றே ஒரு போட்டி நடக்கிறது. 200, 300, 385, 500 மீட்டரில் இரும்புத் தகட்டில் வெட்டிய கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக்கடா உருவங்களை அடித்துச் சாய்க்க வேண்டும். அந்தப் போட்டிக்காரர்களில் பலர் குண்டை விரலால் தள்ளினாலே இறங்குகிற அளவுக்குத்தான் வைக்கிறார்கள். கிரிம்ப் செய்தால் மிருதுவான ஈயக் குண்டின் உருவம் கெடும், ஒவ்வொரு கூடும் ஒவ்வொரு பலத்தில் குண்டை விடும், அடி சிதறும் என்பது அவர்கள் வாதம். அவர்கள் வேலைக்கு அது நியாயம்தான். ஆனால் அதையே வைத்து “கிரிம்ப் என்றாலே குறி கெடும்” என்று லீவர் ரைபிள்காரனுக்குப் போய் உபதேசம் செய்வது சரியில்லை. மழையில் மரத்தடியில் நின்று அறுபது, எழுபது மீட்டரில் மான் சுடுகிறவனுக்கு அரை அங்குலச் சிதறல் பெரிசா, இரண்டாவது தோட்டா ஒழுங்காகச் சேம்பருக்குள் போவது பெரிசா?

என் அறை நண்பனோடு இதைப் பேசியபோது அவன் சொன்னது: “எதுக்கு மச்சி இவ்ளோ பேச்சு? லூஸா இருக்கறதுக்கு டைட்டா இருக்கட்டுமே. இறுக்கறது எப்பவும் சேஃப்தானே!” நம்மில் பத்துக்கு எட்டுப் பேர் இப்படித்தான் நினைப்போம். இதைத்தான் நான் எதிர்க்கிறேன். நட்டை முறுக்கிக்கொண்டே போனால் பாதுகாப்பு கூடாது, மரை வழுக்கும். கேபிள் லக்கைக் கண்டபடி நசுக்கினால் உள்ளே இழைகள் வெட்டுப்படும். தோட்டாவிலும் அதே கதை.

காரணம் ஸ்பிரிங் பேக். குண்டைப் பிடித்திருப்பது உண்மையில் கிரிம்ப் அல்ல. கூட்டின் உள்விட்டம் குண்டின் விட்டத்தைவிடச் சற்றுச் சின்னதாக இருப்பதால் வருகிற பிடிதான். .45-70 குண்டு 11.63 மி.மீ. கூட்டை விரிக்கும் பிளக்கை அதைவிட 0.05 முதல் 0.08 மி.மீ. குறைவாக வைப்பது வழக்கம். இதுதான் நம் பாடத்தில் வருகிற இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட். இப்போது வெளியிலிருந்து அதிகமாக நசுக்கினால் பித்தளையும் உள்ளே போகிறது, குண்டும் அமுங்குகிறது. டையை எடுத்ததும் பித்தளை கொஞ்சம் திரும்பி விரிகிறது. ஈயம் திரும்புமா? ஈயத்துக்கு அந்தப் புத்தியே கிடையாது. அமுங்கியது அமுங்கியதுதான். இடையில் நூலிழை இடைவெளி விழுந்து, இறுக்கப் போன குண்டு தளர்ந்து நிற்கும்! அளவுக்கு மீறி கிரிம்ப் செய்த தோட்டா, கிரிம்ப் செய்யாததைவிட லூஸாகப் போகும் மர்மம் இதுதான்.

எனவே என் கட்சி இது: பிடிப்பு கூட்டின் அளவிலிருந்து வர வேண்டும். கிரிம்ப் அந்தப் பிடிப்புக்கு ஒரு காவல்காரன், அவ்வளவே. பிளக் தேய்ந்தோ பெரிசாகவோ இருந்து குண்டு ஆடுகிறது என்றால், அதைக் கிரிம்பால் சரிக்கட்டப் பார்ப்பது ஆடுகிற கதவுக்கு அட்டை செருகுவது போல. ஒர்க்ஷாப்பில் முந்தின ஆபரேஷனில் விட்டதைக் கடைசி ஆபரேஷனில் மறைக்கும் பழக்கம் நம்மிடம் ஏராளம். ஃபிட்டிங் ஜாபில் ஃபைல் சரியாகப் போடாமல் விட்டு, இடைவெளியை ஹாஃப் ரவுண்டு பஞ்சால் தட்டி மூடுவதைப் பார்த்திருக்கிறோமே!

கூட்டின் நீளத்தைப் பற்றியும் யாரும் கவலைப்படுவதில்லை. டை ஓர் உயரத்தில் நிலையாக நிற்கிறது. நீளமான கூடு வந்தால் அதிகம் மடியும், குட்டைக் கூடு வந்தால் தொட்டும் தொடாமலும் போகும். நூறு கூட்டை வெட்டிச் சம நீளம் ஆக்காமல் கிரிம்ப் செய்கிறவர், நூறு விதமான கிரிம்ப் செய்கிறார். .45-70-க்கு உச்ச நீளம் 53.5 மி.மீ. சொல்லியிருக்கிறார்கள், அதற்குக் கீழே ஏதாவது ஒரே அளவுக்கு டிரிம் செய்தால் போதும். கொலட் டையில் இந்தத் தொல்லை குறைவு என்பது அதற்குள்ள பெரிய நன்மை.

இன்னொன்று, குண்டைச் செருகுவதையும் கிரிம்பையும் ஒரே இழுப்பில் முடிக்கும் டை உண்டு. நேரம் மிச்சம். ஆனால் குண்டு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாய் மூட ஆரம்பிக்கிறது. விளிம்பு குண்டைச் சீவும், அல்லது கூட்டின் சுவர் வாய்க்குக் கீழே உப்பும். உப்பிய தோட்டா சேம்பரில் பாதியில் நிற்கும். இரண்டையும் தனித்தனியாகச் செய்வதே மேல். நாலு நிமிஷம் அதிகமானால் குடியா முழுகிவிடும்?

இப்போது விஷயத்தின் அபாயமான பகுதி. தோட்டா சேம்பருக்குள் எங்கே முட்டி நிற்கிறது என்பதை ‘ஹெட்ஸ்பேஸ்’ என்கிறார்கள். கழுத்துள்ளது தோளில் முட்டும். .45-70-க்கு அடியில் தடித்த விளிம்பு இருக்கிறது, அதில் முட்டும். .458 மேக்னத்துக்கு ஒரு பெல்ட். ஆனால் தோளும் இல்லாமல், விளிம்பும் இல்லாமல், பெல்ட்டும் இல்லாமல் இருக்கிற நேர்ச்சுவர்த் தோட்டா எதில் முட்டும்? வாயில்! கூட்டின் வாய் விளிம்பேதான் அதற்கு ஸ்டாப்பர். இரண்டாம் உலகப் போரில் ஓடிய .30 கார்பைன் தோட்டா அப்படி. .450 புஷ்மாஸ்டர் அப்படி. .350 லெஜண்டும் அப்படியே.

இதை ரோல் கிரிம்ப் செய்தால் ஸ்டாப்பரையே மடித்து உள்ளே அனுப்பிவிட்டோம் என்று அர்த்தம். தோட்டா சேம்பரில் முட்ட வேண்டிய இடத்தில் முட்டாமல் இன்னும் முன்னே போய்விடும். ஃபயரிங் பின் எட்டாமல் போகலாம்; வெடிக்காது. அல்லது எட்டிவிடும், ஆனால் வாய் குறுகின இடத்தில் நெருக்கிக்கொண்டு குண்டை விட மறுக்கும். அழுத்தம் தாறுமாறாக ஏறும். இங்கே டேப்பர் கிரிம்ப் மட்டுமே, அதுவும் மலர்ச்சியை நேராக்கி இன்னும் ஒரு பொட்டு. விளிம்பு தெரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

இது ஏன் இன்றைக்கு முக்கியம் என்கிறேன் என்றால், அமெரிக்காவில் ஒஹையோ, மிச்சிகன் போன்ற மாநிலங்களில் மக்கள் நெருக்கமான சமவெளிப் பகுதிகளில் மான் வேட்டைக்கு ரைபிள் கூடாது, ஷாட்கன்தான் என்று நெடுங்காலம் விதி இருந்தது. ரைபிள் குண்டு வெகுதூரம் போய் யார் வீட்டிலாவது விழும் என்ற பயம். நேர்ச்சுவர்த் தோட்டாவின் வேகம் சீக்கிரம் தளர்ந்துவிடும் என்பதால் 2014-இல் அந்த இரண்டு மாநிலங்களிலும் அதற்கு மட்டும் அனுமதி கிடைத்தது. .350 லெஜண்ட் பிறந்ததே அந்தச் சந்தைக்காகத்தான். 2023-இல் ரெமிங்டன் கொண்டுவந்த .360 பக்ஹாமரும் அதே சந்தைக்கு. ஆனால் பாருங்கள், பக்ஹாமருக்கு விளிம்பு உண்டு, லெஜண்டுக்கு இல்லை. கடை அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு பெட்டி; ஒன்றுக்குச் சரியான கிரிம்ப் மற்றதற்குத் தப்பு. அப்பா காலத்து லீவர் ரைபிள் பழக்கத்தில் “நேர்ச்சுவரா? நல்லா மடிச்சு விடு” என்று பழகிய கை, லெஜண்டிலும் அதையே செய்தால் என்ன ஆகும்? ‘இறுக்குவது எப்போதும் சேஃப்’ என்கிற வாக்கியத்தை நான் இவ்வளவு வம்புக்கு இழுப்பது இதற்காகத்தான்.

பித்தளைக்கும் ஒரு ஆயுள் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வாயை மலர்த்தி, மடித்து, சுட்டு விரித்து, மறுபடி நெருக்கினால் வொர்க் ஹார்டனிங் ஏறிக்கொண்டே போகும். சில சுற்றில் விளிம்பில் கீறல் விழும். வாயை மட்டும் சூடுபடுத்தி அனீல் செய்தால் கூடு பிழைக்கும். அடிப்பாகத்துக்குச் சூடு போகவே கூடாது, அது இளகினால் தோட்டாவே ஆபத்து. கடுமையான ரோல் கிரிம்ப்புக்குக் கொடுக்கும் விலையில் இதுவும் ஒன்று. தேவையில்லாத இடத்தில் அந்த விலையை ஏன் கொடுக்க வேண்டும்?

சரி, ஒரு லீவர் ரைபிள்காரர் தன் கிரிம்ப் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாதம் பண்ணத் தேவையில்லை, வெர்னியர் போதும். மருந்தும் உயிர்ப் பிரைமரும் இல்லாத டம்மித் தோட்டா ஒன்றை அதே டையில் செய்து, மொத்த நீளத்தை அளந்து எழுதி வைத்துக்கொண்டு, டியூபில் மற்றத் தோட்டாக்களோடு போட்டு, மற்றவற்றைச் சுட வேண்டும். அத்தனை இடியும் வாங்கிய டம்மியை வெளியே எடுத்து மறுபடி அளக்க வேண்டும். நம் லேபில் இருக்கிற 0.02 மி.மீ. லீஸ்ட் கவுண்ட் வெர்னியரே இதற்குத் தாராளம். நீளம் அப்படியே இருந்தால் கிரிம்ப்பை அதற்கு மேல் கால் சுற்றுகூடத் திருப்ப வேண்டாம். குறைந்திருந்தால் அவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது கிரிம்ப் டையை அல்ல. மைக்ரோமீட்டரை எடுத்து, வாயை விரித்த பிளக்கின் விட்டத்தைப் பார்க்கட்டும்.